சபா செடியை ஜெர்மனியிலிருந்து வாங்குவது ஏன்?

நெப்பந்தஸ் என்பவை குடுவை போன்ற இலைகளில் பூச்சி பிடிக்கும் செடிகள். அதில் ஒரு வகையான நெப்பந்தஸ் ராஜா, மலேசியாவின் சபா மாநிலத்துச் செடி. கினபாலு, அதன் பக்கத்திலிருக்கும் தம்புயுக்கோன் என்ற இரண்டு மலைகளைத் தவிர உலகில் வேறெங்கும் அது தானாக முளைப்பதில்லை. கோலாலம்பூர் (கேஎல்) செந்தூலில் இருக்கும் நான் அதை ஜெர்மனியிலிருந்து வரவழைக்கிறேன் என்றால் கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரத்தான் செய்யும். “அண்ணே, நம்ம நாட்டுச் செடிக்கு எதுக்கு இம்போர்ட் பெர்மிட்? சபாவில் ஆள் இருக்கு, பாதி விலைக்கு அனுப்பிடுவாங்க” என்று ஒரு தம்பி இன்பாக்ஸில் எழுதியிருந்தார். அவருக்கு எழுத ஆரம்பித்த பதில் நீண்டுவிட்டதால் இங்கேயே போட்டுவிடுகிறேன்.

தம்பி, அந்தப் பாதி விலை எப்படிக் கட்டுப்படியாகிறது என்று யோசித்தீர்களா? ராஜா மெதுவாக வளரும் செடி. விதையிலிருந்து பெரிய குடுவை விடும் அளவுக்கு வரப் பல ஆண்டுகள் ஆகும். அவ்வளவு காலம் தண்ணீர் ஊற்றி வளர்த்தவர் பாதி விலைக்குத் தூக்கிக் கொடுக்க மாட்டார். மலையில் பிடுங்கியவருக்குத்தான் அது முடியும். படத்தை உற்றுப் பார்த்தாலே தெரிந்துவிடும். தண்டு தடித்து முற்றியிருக்கும், கீழ் இலைகளில் பாசி படிந்திருக்கும், பூச்சி கடித்த ஓட்டைகள் இருக்கும், வேர் பாதி அறுந்து செம்மண் ஒட்டியிருக்கும். திசு வளர்ப்புக் கூடத்தில் வளர்ந்த நாற்று உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். இலைகள் சின்னதாக, வட்டமாக அடுக்கியிருக்கும். வேர் மெல்லியதாக, கறுப்பாக, முழுசாக இருக்கும். விற்பவர் “நர்சரி செடிதான்” என்று சொன்னால் வேரைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பலர் அதோடு பேச்சை நிறுத்திக்கொள்வார்கள்.

ஜெர்மனியிலும் இலங்கையிலும் இருக்கிற திசு வளர்ப்புக் கூடங்களில், கூழ் நிரப்பிய புட்டிக்குள் விதையை முளைக்க வைத்து, அதிலிருந்து நாற்றுகளைப் பெருக்கிக்கொண்டே போகிறார்கள். மலையில் ஒரு செடியும் குறைவதில்லை. அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் நாடுகடந்த வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தில் ராஜா முதல் பட்டியலில் இருக்கிறது, கூடவே இந்தியாவின் மேகாலயாவில் வளரும் காசியானாவும். மற்ற நெப்பந்தஸ் எல்லாம் இரண்டாம் பட்டியல். முதல் பட்டியல் செடியைக் காட்டிலிருந்து எடுத்து வியாபாரம் செய்ய வழியே கிடையாது. ஆனால் செயற்கையாகப் பெருக்கியதென்றால் இரண்டாம் பட்டியல் செடிபோலக் கருதி அனுமதி கொடுப்பார்கள். ஆசை பிடித்த நம் மாதிரி ஆட்களுக்காகவே திறந்து வைத்த கதவு அது. அதை விட்டுவிட்டு ஏன் சுவர் ஏறிக் குதிக்க வேண்டும்?

மேற்குக் கலிமந்தானில் கெலாம் என்று ஒரு மலை, மலை என்பதைவிட ஒரே பாறை. அதன் செங்குத்தான பக்கங்களில் மட்டும் கிளிப்பியாட்டா என்ற நெப்பந்தஸ் வளர்கிறது. சேகரிப்பாளர்கள் பிடுங்கியது போதாதென்று காட்டுத்தீயும் சேர்ந்து இன்று அது அழியும் நிலையில் இருக்கிறது. பாறையில் தொங்கியே தப்பிக்க முடியவில்லை என்றால், கேஎல்லிலிருந்து காரில் ஒரு மணி நேரத்தில் போய்விடக்கூடிய கெந்திங் மலையில் இருக்கும் மக்ஃபர்லேனி என்ற நெப்பந்தஸின் கதி என்ன? தீபகற்ப மலேசியாவைத் தவிர அதற்கும் வேறு இடம் கிடையாது.

சரி, பேப்பர் விஷயம். செடி கிளம்புவதற்கு முன்பே இங்கே இறக்குமதி பெர்மிட் கையில் இருக்க வேண்டும். அனுப்பும் நாட்டிலிருந்து தாவர சுகாதாரச் சான்றிதழும் சைட்ஸ் ஏற்றுமதி அனுமதியும் வர வேண்டும். நம் பக்கம் அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வணிகம் பற்றிய 2008-ஆம் ஆண்டுச் சட்டப்படி சைட்ஸ் இறக்குமதி அனுமதியும் வேண்டும். வந்து இறங்கியதும் அதிகாரிகள் பரிசோதித்துப் பார்ப்பார்கள். மண் ஒரு துளிகூட இருக்கக் கூடாது. நாற்று ஐந்தே ஐந்து என்பதற்காக எதிலும் சலுகை கிடையாது. கட்டணங்களைக் கூட்டினால் செடியின் விலையைத் தாண்டிவிடும். அதனால்தான் நண்பர்கள் சேர்ந்து ஒரே பார்சலாக ஆர்டர் போட்டுச் செலவைப் பங்கு போட்டுக்கொள்கிறோம். பொழுதுபோக்குக்காகச் சில செடி வாங்குபவர்களுக்கு ஒரு சுருக்கு வழி இருந்தால் திருட்டுத்தனம் பாதியாகக் குறையும் என்பது என் கட்சி. அதற்காக இருக்கிற விதியை ஏமாற்றலாம் என்று சொல்ல வரவில்லை.

ஏமாற்றுகிறவர்கள் உண்டு. “பொம்மை” என்று எழுதிய கவரில் வரவழைப்பவர்கள், பெட்டியில் சாக்ஸுக்குள் சுருட்டிக் கொண்டுவருபவர்கள். ஒரு சின்னச் செடியால் என்ன ஆகிவிடும் என்பார்கள். நம்மில் எத்தனை பேர் வீட்டுத் தாத்தா பாட்டி ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள்! தென்னமெரிக்காவில் ரப்பர் இலையைக் கருக்கும் ஒரு பூஞ்சை இருக்கிறது. ஹென்றி ஃபோர்டு பிரேசில் காட்டில் 1928-இல் தொடங்கிய பெரிய ரப்பர் தோட்டம் 1945-இல் கைமாறியதற்கு அது ஒரு முக்கியக் காரணம். அந்த நோய் இன்னும் நம் பக்கம் வரவில்லை. அந்தப் பகுதியிலிருந்து வரும் செடிகளுக்கு இங்கே கெடுபிடி அதிகம் என்றால் காரணம் அதுதான். கண்ணுக்குத் தெரியாத வித்து ஈரப் பாசிக்குள் இருந்தால் சாக்ஸுக்குள் சுருட்டி வருபவருக்கு எப்படித் தெரியும்?

இன்னொன்று. கஷ்டப்பட்டு வரவழைக்கிற பல செடிகள் கேஎல் வெயிலில் பிழைக்காது. வீனஸ் பூச்சிப்பொறி அமெரிக்காவின் இரண்டு கரோலினா மாநிலங்களில் மட்டும் வளரும் செடி. அதற்குச் சில மாதக் குளிர்த் தூக்கம் வேண்டும். இங்கே ராத்திரியும் 24 டிகிரி. தூங்காமல் தூங்காமல் மெலிந்து போகும். பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, நீண்ட நாள் இருக்கும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். ராஜாவும் 1,500 மீட்டருக்கு மேலே வளர்வது. என்னுடையது கேமரன் மலையிலுள்ள தானா ராத்தாவில் சின்னம்மா வீட்டுப் பின்பக்கம் இருக்கிறது. செந்தூல் பால்கனியில் என்னிடம் இருப்பவை ஆம்புலாரியா, ராஃப்லேசியானா, பைகல்கராட்டா, எல்லாமே தாழ்நில நெப்பந்தஸ் வகைகள். ஆம்புலாரியா பூச்சியைவிட மேலிருந்து விழும் காய்ந்த இலையை நம்பிப் பிழைக்கிற செடி, மூங்கிலுக்குப் பதிலாக அதன் குடுவையில் லெமாங் (தேங்காய்ப்பால் சேர்த்த ஒட்டரிசிச் சோறு) வேக வைப்பதும் உண்டு. புதிதாக ஆரம்பிப்பவர்கள் சுங்கை பூலோ நர்சரிகளில் வென்ட்ராத்தா கலப்பினம் ஒன்று வாங்கி மழைத்தண்ணீர் ஊற்றிப் பழகிவிட்டு அப்புறம் வெளிநாட்டைப் பார்க்கலாம்.

வெளிநாட்டுச் செடி வந்து சேர்ந்த நாளில் அதைப் பார்த்தால் மனசு விட்டுப்போகும். ஈரப் பாசியில் சுற்றிய வெறும் வேர், வாடிச் சுருங்கிய குடுவைகள். பயப்பட வேண்டாம், பழைய குடுவை போனால் போகட்டும். பாசியும் பெர்லைட்டும் கலந்து நட்டு, மூடியுள்ள தெளிந்த பிளாஸ்டிக் பெட்டிக்குள், நேர் வெயில் படாத இடத்தில் வையுங்கள். மூடியைச் சில வாரங்களில் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துகொண்டே வாருங்கள். இலை நுனிக் கொடி கருகினால் காற்றில் ஈரம் போதவில்லை. நுனி உப்பத் தொடங்கினால் பிழைத்துவிட்டது. உரம் மட்டும் போட்டுவிடாதீர்கள், வேர் வெந்துவிடும்.

அடுத்த கூட்டு ஆர்டரில் சேர விரும்புபவர்கள் இன்பாக்ஸுக்கு வாருங்கள், பெர்மிட் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன். கெந்திங்கில் மக்ஃபர்லேனி சரியாக எந்த வளைவில் இருக்கிறது என்று கேட்டு வராதீர்கள். அதை என் தம்பிக்கே நான் சொன்னதில்லை.