பொன்னாடை இருக்கட்டும், சம்பளம் எங்கே?

மார்ச் பிறந்துவிட்டால் பறையடிக்கும் பெண்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. மகளிர் தினம், சமூக நீதிக் கலைவிழா என்று கல்லூரிகளும் தொண்டு நிறுவனங்களும் மாறி மாறிக் கூப்பிடும். போஸ்டரில் பறையோடு ஒரு பெண் படம் கட்டாயம். கூப்பிடட்டும், நல்லதுதான். கூப்பிட்டு எப்படி நடத்துகிறார்கள் என்பதில்தான் எனக்குப் பிரச்சினை.

போன வருடம் ஒரு கல்லூரி விழாவுக்குப் போயிருந்தேன். ஏசி அரங்கம். வந்திறங்கிய பெண்கள் முதலில் கேட்டது பறை காய்ச்ச ஓர் இடம். தோல் பறையைத் தீயில் வாட்டினால்தான் விறைக்கும். வைக்கோலோ பழைய பேப்பரோ கொளுத்தி, பறையைத் திருப்பித் திருப்பிக் காட்டி, விரலால் சுண்டிப் பார்ப்பார்கள். தொம்மென்று இருந்த சத்தம் கணீரென்று மாற வேண்டும். செக்யூரிட்டி தீ மூட்டவே விடவில்லை. "பிளாஸ்டிக் பறை கொண்டுவந்திருக்கலாமே" என்றார் ஏற்பாட்டாளர் ஒருவர். (விழாவின் தலைப்பு மண்ணின் கலைகள்!) கடைசியில் பைக் நிறுத்துமிடத்துக்குப் பின்னால் காய்ச்சிக்கொண்டு வந்தால், சிறப்பு விருந்தினர்கள் பேசி முடித்தபாடில்லை. முக்கால் மணி நேரம் என்று சொன்ன ஆட்டம் பத்து நிமிடத்தில் முடிந்தது. ஆளுக்கொரு பொன்னாடை, ஒரு நினைவுப் பரிசு. வேன் வாடகை? "அக்கவுண்ட்ஸ்ல பேசிட்டு அனுப்புறோம் மேடம்."

பறை பெண்கள் கைக்குச் சும்மா வந்துவிடவில்லை. சாவு வீட்டிலும் கோயில் கொடையிலும் அடிக்கச் சொல்லி ஒரு சாதியின் தலையில் கட்டிய வேலை அது. அந்தச் சாதிக்குள்ளும் ஆண்கள்தான் அடித்தார்கள். 1990-இல் திண்டுக்கல்லில் சகோதரி சந்திரா தொடங்கிய சக்தி கலைக்குழு, தலித் இளம்பெண்களைப் பறையைத் தூக்கி அடிக்க வைத்தது. ஆண்களின் கோட்டையாக இருந்த கானாவை 2018-இல் காஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழுவின் மேடையில் இசைவாணி பாடினார். ஊர்ப் பேச்சையும் வீட்டுப் பேச்சையும் தாண்டி வந்தவர்களை, அமைச்சர் வரும்வரை கூட்டத்தைப் பிடித்து வைக்கும் ஆளாக நடத்துகிறோம்.

ஊர்த் திருவிழாவில்கூடத் தொகை பேசி, அச்சாரம் கொடுத்துத்தான் ஆட்டக் குழுவை அழைக்கிறார்கள். அங்கே எல்லாம் ஒழுங்கு என்று சொல்ல வரவில்லை. கரகாட்டப் பெண்களிடம் குடித்துவிட்டு எப்படிப் பேசுவார்கள் என்பது தெரிந்ததுதான். ஆனால் கூலி என்று ஒன்று உண்டு என்பதாவது அங்கே பேச்சில் இருக்கிறது. நம் நீதி விழாக்களில் 'தோழமை' என்று ஆரம்பித்தாலே எனக்குப் பயமாக இருக்கிறது; அடுத்து "பட்ஜெட் கம்மி" என்பார்கள்.

நிஜமாகவே காசில்லாத சிறு அமைப்புகள் உண்டு. சரி, அதை முதல் போனிலேயே சொல்லிவிடலாமே. வருவதும் வராததும் அவர்கள் விருப்பம். ஆனால் வாசல் முழுக்க பிளெக்ஸ், ஆளுயர மேடை அலங்காரம் என்று செலவழித்துவிட்டு, ஆடுபவர்களுக்கு உடை மாற்ற ஓர் அறையும், இரவு ஊர் திரும்ப வண்டியும் இல்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தப் பெண்களில் பலர் காலையில் நூறு நாள் வேலைக்கோ மில்லுக்கோ போக வேண்டியவர்கள்.

எனக்குத் தெரிந்த குழு ஒன்று இப்போது பாதித் தொகை ஜிபேயில் வந்த பிறகுதான் தேதி கொடுக்கிறது. "காசுக்காகவா கலை?" என்று ஒருவர் கேட்டாராம். மைக் செட்காரரிடமும் இப்படித்தான் கேட்பீர்களா என்று திருப்பிக் கேட்டிருக்கிறார் குழுவை நடத்தும் அக்கா. அந்த நிகழ்ச்சி கைவிட்டுப் போனது. அவருக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை.