நல்ல வெளிச்சத்தில் எடுத்த படம் வேண்டுமாம்

"ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வெள்ளைக்காரர்தான் வேண்டும் என்று பெற்றோர் எதிர்பார்க்கிறார்கள், நாங்கள் என்ன செய்வது?" இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. கொரியாவுக்கு ஆங்கில ஆசிரியர்களை எடுக்கும் ஏஜென்ட்டும் இதைத்தான் சொல்கிறார். வியட்நாமிலிருந்து காணொளியில் பேசும் பெண்ணும் இதைத்தான் சொல்கிறார். இங்கே சிங்கப்பூரில் புக்கிட் தீமா பக்கம் துணைப்பாட நிலையம் நடத்துகிறவரும் இதையேதான் சொல்கிறார். இவர்களில் யாருக்கும் நிறவெறி கிடையாது, எல்லாரும் தங்கமானவர்கள். எங்கோ இருக்கிற பெற்றோர் கூட்டம்தான் பொல்லாதது. கட்டணத்தை ஏற்றும்போது இதே பெற்றோரிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டது உண்டா?

நான் ஆங்கில ஆசிரியை. தேசியக் கல்விக் கழகத்தில் பயிற்சி பெற்று, பள்ளியில் வேலை பார்த்து, தொடக்கநிலை 6 பிள்ளைகளைத் தேர்வுக்குத் தயார் செய்து அனுப்பியவள். ஓராண்டு வெளிநாட்டில் கற்பித்துப் பார்க்கலாமே என்று ஆசைப்பட்டேன், அவ்வளவுதான். விண்ணப்பம் போனதும் வருகிற முதல் மின்னஞ்சலில் தேன் ஒழுகும்: அருமையான அனுபவம், சீக்கிரம் பேசுவோம். அடுத்ததில் படம் கேட்பார்கள். பாஸ்போர்ட் படம் போதாதாம். சிரித்த முகமாக, நல்ல வெளிச்சத்தில், அண்மையில் எடுத்ததாக வேண்டுமாம். அனுப்பினால், அப்புறம் கப்சிப்.

படத்தைத் தாண்டி ஒரு இடத்தில் காணொளி நேர்காணல் வரைக்கும் போனேன். ஒரு வாக்கியத்தில் தவறு எங்கே, அதைப் பிள்ளைக்கு எப்படி விளக்குவேன் என்று ஒரு கேள்விகூட இல்லை. "அறையில் இன்னொரு விளக்கு இருக்கிறதா?" என்று கேட்டார் அந்தப் பெண். இருக்கிற விளக்கையெல்லாம் போட்டுவிட்டுத்தான் உட்கார்ந்திருந்தேன். இதுதான் என் நிறம், அம்மணி!

கேட்டால் விசா சட்டம் என்பார்கள். சரி, சட்டத்தையே பார்ப்போம். கொரியாவில் மொழிப்பயிற்சி நிலையங்களில் ஆங்கிலம் கற்பிக்க ஈ-2 விசா வேண்டும். அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா என்று ஏழு நாட்டுக் குடிமக்களுக்குத்தான் அது கிடைக்கும். தென்னாப்பிரிக்காவில் வீட்டில் ஆங்கிலம் பேசுகிறவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு. சிங்கப்பூரிலோ 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களில் 48.3 விழுக்காட்டினர் வீட்டில் அதிகம் பேசுவது ஆங்கிலம்தான். இருந்தும் பட்டியலில் நாம் இல்லை. தென்னாப்பிரிக்க ஆசிரியர்கள் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை, அவர்கள் பிழைப்பு அவர்களுக்கு. பட்டியலைப் போட்டவர்களிடம்தான் கேட்கிறேன், எதை வைத்துப் போட்டீர்கள்?

சரி, பாஸ்போர்ட்தான் பிரச்சினை என்றால் அமெரிக்கப் பாஸ்போர்ட் வைத்திருக்கிற கறுப்பின ஆசிரியர்களுக்கு என்ன குறை? படம் போன பிறகு கதவு சாத்தப்பட்ட கதையை அவர்கள் பல ஆண்டுகளாகப் பொதுவெளியில் சொல்லி வருகிறார்கள். கலிஃபோர்னியாவில் பிறந்து வளர்ந்த சீன அமெரிக்கரிடம் "நீங்கள் பார்க்க வெளிநாட்டவர் மாதிரி இல்லையே" என்கிறார்கள். இன்னொரு பக்கம், ஆங்கிலத்தைப் பள்ளிப் பாடமாக மட்டும் படித்த கிழக்கு ஐரோப்பியர்கள் சீனாவில் வகுப்பறை வாசலில் நின்று பிள்ளைகளை வரவேற்ற செய்திகளும் வந்தன. அங்கே மட்டும் சட்டம் தூங்கப் போய்விட்டது. பாஸ்போர்ட் இருந்தும் தோல் கறுப்பாக இருந்தால் வேலை இல்லை, பாஸ்போர்ட் இல்லாவிட்டாலும் தோல் வெளுப்பாக இருந்தால் வேலை உண்டு. இதற்குப் பிறகும் உச்சரிப்பு, தரம் என்று பேசுகிறவர்களைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

எல்லாரும் இப்படி இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டவரைப் பள்ளிகளுக்கு அழைக்க ஜப்பானிய அரசாங்கம் 1987இல் தொடங்கிய ஜெட் (JET) திட்டத்தில் சிங்கப்பூரர்களும் உதவி மொழியாசிரியர்களாகப் போகிறார்கள். ஜப்பானியப் பிள்ளைகளின் நாக்கு ஒன்றும் சுளுக்கிக்கொள்ளவில்லை. இதே 1987இல்தான் இங்கே எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலம் முதல்மொழியானது. அன்றிலிருந்து இந்த நாட்டுப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவர்கள் யார்? பெரும்பாலும் நம்மைப் போன்ற உள்ளூர்க்காரர்கள்தான். சீனர், மலாய்க்காரர், தமிழர், மலையாளி, யுரேஷியர். பல நாட்டு மாணவர்களை ஒப்பிடும் பீசா (PISA) தேர்வில், 2022இல், 15 வயதுப் பிள்ளைகளின் வாசிப்புத் திறனில் உலகத்திலேயே சிங்கப்பூர் முதலிடம், 543 புள்ளி. அமெரிக்கா 504, பிரிட்டன் 494. அந்த 543ஐ வாங்க வைத்தவர்கள் படம் அனுப்பினால் மட்டும் பதில் வராது!

அயல்நாட்டுக்காரன் கதையை விடுங்கள், உள்ளூரில் நடப்பதுதான் வயிற்றெரிச்சல். நான் பகுதிநேர வேலை கேட்டுப் போன துணைப்பாட நிலையத்தின் கண்ணாடிக் கதவில் ஆளுயர விளம்பரப் படம். பொன்னிற முடி, நீலச் சட்டை, கையில் புத்தகம். யார் இவர் என்று வரவேற்பு மேசையில் இருந்த பெண்ணிடம் கேட்டேன். "அவர் இங்கே இல்லை, அது சும்மா படம்" என்றாள். உள்ளே இரண்டு வகுப்புகள் நடந்துகொண்டிருந்தன, இரண்டிலும் நம் ஊர் ஆசிரியர்கள்தான். வேலையை இவர்கள் செய்ய, கதவில் அவர் சிரிக்கிறார்.

நான் காத்திருந்தபோது ஒரு தமிழ் அம்மா மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். நானும் ஆசிரியை என்று தெரிந்ததும் குரலைத் தாழ்த்தி, "ஏம்மா, இங்க வெள்ளைக்கார டீச்சர் யாரும் இல்லையா? நம்ம ஆளுங்க சொல்லிக்கொடுத்தா ஸ்லாங் வராதுன்னு சொல்றாங்களே" என்றார். என் முகத்தைப் பார்த்தபடியே சொன்னார்! "அக்கா, நீங்க யார்கிட்ட படிச்சீங்க?" என்று கேட்டேன். "எங்க மிஸ்ஸா? அவங்க தங்கமாச்சே, கேரளாக்காரங்க, ஒரு தப்பு விட மாட்டாங்க" என்றார். அந்த மிஸ் சொல்லிக்கொடுத்த ஆங்கிலத்தில்தான் அந்த அக்கா அலுவலகத்தில் இத்தனை வருடமாகப் பிழைக்கிறார். பிள்ளைக்கு மட்டும் அந்த மாதிரி மிஸ் வேண்டாமாம். பெண் பார்க்கும்போது "கொஞ்சம் நிறம் கம்மி" என்று முணுமுணுக்கிற அதே வாய்தானே இதுவும்.

வேலையிடப் பாகுபாட்டுக்கு எதிரான சட்டத்தை 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. இனத்தைக் காரணம் காட்டி வேலை மறுக்கக்கூடாது என்று அதில் தெளிவாக இருக்கிறது. படித்ததும் மனசு குளிர்ந்தது. அடுத்த பத்தியிலேயே, 25 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் நிறுவனங்களுக்கு முதல் ஐந்து ஆண்டுகள் விலக்கு. நியாயமான நடைமுறை குறித்த வழிகாட்டி நெறிமுறைகள் அவர்களுக்கும் உண்டு என்கிறார்கள், இருக்கட்டும். நான் போன நிலையத்தில், அந்த வரவேற்பு மேசைப் பெண்ணைச் சேர்த்தாலும் பத்துப் பேர் தேற மாட்டார்கள். கதவில் சிரிக்கிறவரைக் கணக்கில் எடுத்தால் வேண்டுமானால் ஒருவர் கூடுவார்.