‘பட்டா இல்லாதவர் பேச முடியாது’ என்பது பொய்

"கருத்துக் கேட்புக் கூட்டத்தில் பட்டாதாரர் மட்டும்தான் பேசலாம். கூட்டம் சேராவிட்டால் ஊர் சம்மதம் என்று எழுதிவிடுவார்கள்." சாயக்கழிவுநீர் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் பற்றி, சேலத்தில் திருமணிமுத்தாற்றங்கரை வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் செய்தி இது. இரண்டுமே தவறு.

2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி, இத்தனை பேர் வர வேண்டும் என்ற கணக்கே கிடையாது; ஆள் குறைந்தால் அது சம்மதம் என்றும் ஆகாது. வாடகை வீட்டுக்காரரோ தறி ஓட்டுகிறவரோ, வந்திருக்கும் யாரும் கேள்வி கேட்கலாம். வர முடியாதவர்கள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுதி அனுப்பலாம். அதற்காகத்தான் 30 நாள் முன்னறிவிப்பு.

முடிவில், பேசியவற்றின் சுருக்கத்தை எல்லோர் முன்னும் தமிழில் வாசித்து விளக்க வேண்டும். டீக்கடைக்கு நழுவக் கூடாத நேரம் அதுதான்! உங்கள் கேள்வி விடுபட்டிருந்தால் அங்கேயே எழுந்து சொல்லுங்கள். ‘தண்ணி கெட்டுப்போச்சு’ என்பதைவிட, உங்கள் கிணற்று நீரின் டிடிஎஸ் (நீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு) பரிசோதனைச் சீட்டை நீட்டுவது எடுபடும். 

அப்புறம், ஊரே எதிர்த்தால் திட்டம் தானாக ரத்தாகிவிடும் என்பதும் உண்மையல்ல. அந்தக் கூட்டத்தில் அனுமதி கொடுப்பதும் இல்லை, மறுப்பதும் இல்லை. எழுந்த ஆட்சேபங்களுக்கு திட்டத்தைக் கொண்டுவரும் நிறுவனம் தன் இறுதிச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையில் பதில் சொல்லியாக வேண்டும்.