339 புத்தகமும் ஏற்காடு பஸ்ஸும்

புது வருஷம் பிறந்தால் போதும், 'ரோரி கில்மோர் வாசிப்புச் சவால்' என்ற பட்டியல் முகநூலில் ஒரு சுற்று வந்துவிடும். 'கில்மோர் கேர்ள்ஸ்' என்ற அமெரிக்க டிவி தொடரில் ரோரி என்ற பெண் படித்தது, கையில் வைத்திருந்தது, பேச்சுவாக்கில் சொன்னது எல்லாம் சேர்த்து 339 புத்தகம். சேலத்துப் பிள்ளைகளும் இதைக் கையில் எடுக்கிறார்கள், சந்தோஷம்தான். ஆனால் அந்தப் பட்டியலை அப்படியே அச்செடுத்துச் சுவரில் ஒட்டி, மேலிருந்து டிக் அடித்துக்கொண்டு வருவது வீண் வேலை என்பது என் கட்சி. வடிகட்டாத பட்டியலோடு இறங்கினால் மார்ச்சைத் தாண்டுவது கஷ்டம்.

அந்த எண்ணிக்கை வந்த விதத்தைப் பாருங்கள். 2000 முதல் 2007 வரை ஏழு சீசன், 153 எபிசோடு ஓடிய தொடர் அது. 2016-ல் நெட்ஃபிளிக்ஸ் நான்கு நீளமான பாகங்களைச் சேர்த்தது. ஏமி ஷெர்மன்-பல்லாடினோ உருவாக்கிய அந்தத் தொடரில் வசனம் மூச்சுவிடாமல் ஓடும். நடுவே ஒரு புத்தகம், ஒரு சினிமா, ஒரு பாட்டு என்று பெயர் உதிர்ந்துகொண்டே இருக்கும். ரசிகர்கள் உட்கார்ந்து அவ்வளவையும் பொறுக்கித் தொகுத்தார்கள். தொகுத்தவரைப் பொறுத்து எண்ணிக்கையும் மாறும். சில பட்டியல்கள் 400-ஐத் தாண்டும். டால்ஸ்டாயும் பிரெஞ்சு நாவலாசிரியர் புரூஸ்டும் இருக்கிற அதே பட்டியலில் 2003-ஆம் வருஷத்து ஐரோப்பியப் பயண வழிகாட்டியும் இருக்கிறது, மூன்று கரடிகளின் வீட்டுக்குள் நுழைந்த சிறுமியின் குழந்தைக் கதையும் இருக்கிறது. இருபது வருஷத்துக்கு முந்தைய ஹோட்டல் வாடகையைப் படித்து டிக் அடிப்பதற்குப் பெயர் வாசிப்பா?

சரி, கணக்குக்கு வருவோம். சராசரி 350 பக்கம் என்று வைத்தால் 339 புத்தகம் கிட்டத்தட்ட 1,18,650 பக்கம். தினமும் 30 பக்கம், ஒருநாள் தவறாமல் படித்தாலும் பதினோரு வருஷம் நெருங்கிவிடும். வேலைக்கோ கல்லூரிக்கோ போய்வருகிற ஆளுக்கு 30 பக்கமே அதிகம். முதலில் உங்கள் வேகம் என்ன என்று அளந்துகொள்ளுங்கள். புத்தகத்தின் ஆரம்பத்தில் அளக்காதீர்கள். பெயரும் இடமும் பிடிபடும்வரை எல்லோருக்கும் மெதுவாகத்தான் போகும். 50-ஆம் பக்கம் தாண்டியபின் 20 நிமிஷம் படித்து, ஓடிய பக்கத்தை மூன்றால் பெருக்கினால் ஒரு மணி நேர வேகம். நாவலுக்கு ஒருமுறை, கட்டுரைக்கு ஒருமுறை, ஆங்கிலப் புத்தகத்துக்கு ஒருமுறை எடுங்கள். மூன்றும் மூன்று எண்ணாகத்தான் வரும்.

நாளுக்கு 20 பக்கம், வாரத்துக்கு ஆறு நாள் என்றால் வருஷத்துக்கு 6,240 பக்கம். அதில் ஒரே ஒரு குண்டுப் புத்தகம் 1,300 பக்கத்தைத் தின்றுவிடும். மிச்சம் 4,940. அதை 280 பக்கம் கொண்ட புத்தகங்களாகப் பிரித்தால் பதினேழு. ஆக மொத்தம் பதினெட்டு. பொங்கல், கல்யாண சீசன், பரீட்சை, காய்ச்சல் என்று மூன்றைத் தள்ளுங்கள். பதினைந்து. ஒரு வருஷத்துக்கு இதுதான் யோக்கியமான எண். வருஷத்துக்கு ஐம்பது என்று அறிவித்தவர்களுக்கு என்ன நடக்கிறது என்றால், ஆகஸ்டில் பின்தங்கியது தெரிந்ததும் 90 பக்கப் புத்தகமாகத் தேடித் தேடி எடுப்பார்கள். எண் கூடும். எந்தப் புத்தகத்துக்காகச் சவாலில் இறங்கினார்களோ அது அலமாரியிலேயே கிடக்கும்.

இனி பட்டியலை வடிகட்டுவது. ஒரு நோட்டில் நான்கு கட்டம் போடுங்கள்: எபிசோடு எண், புத்தகம், யார், எப்படி. நான்காவது கட்டம்தான் முக்கியம். படிக்கிறாள், கையில் இருக்கிறது, பேச்சில் வருகிறது, பின்னணி அலமாரியில் தெரிகிறது, இந்த நான்கில் ஒன்றைத்தான் எழுத வேண்டும். முதல் வகையை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அடித்துவிடலாம். சப்டைட்டில் இல்லாமல் இந்த வேலை நடக்காது. 153 எபிசோடையும் பார்க்க வேண்டாம், அது எபிசோடுக்கு 43 நிமிஷம் வைத்தாலே 110 மணி நேரம். அந்த நேரத்தில் பத்துப் புத்தகம் படித்துவிடலாம். ரோரி பள்ளியில் படிக்கும் முதல் மூன்று சீசன் போதும், 65 எபிசோடு. அதற்கும் பொறுமை இல்லாதவர்கள் மூன்றாம் சீசன் கடைசி எபிசோடை மட்டும் பார்த்தால் போதும். பள்ளி முடிக்கிற அன்று ரோரி பேசும் உரையில், தான் வாழ்ந்த புத்தக உலகங்களை வரிசையாகச் சொல்வாள்: அமெரிக்க எழுத்தாளர் ஃபாக்னரின் கற்பனை மாவட்டம், வெள்ளைத் திமிங்கிலத்தைத் துரத்தும் கப்பல், மார்க் ட்வெய்னின் ஹக்கும் ஜிம்மும் போகும் தெப்பம், அன்னா கரீனினாவின் ரயில், புரூஸ்ட். அந்த உரையே போதுமான பட்டியல். தொடரை எழுதியவர்கள் யோசித்து எழுதிய பட்டியலும் அதுதான்.

எங்கே தடுக்கி விழுவீர்கள் என்பதும் முன்கூட்டியே தெரிந்த விஷயம். அந்த வெள்ளைத் திமிங்கிலக் கதையான 'மோபி டிக்' 1851-ல் வந்தது, 135 அத்தியாயம். 32-ஆம் அத்தியாயத்தில் கதை நின்று, திமிங்கில வகைகளைப் பிரித்து அடுக்கும் பாடம் ஆரம்பிக்கும். பலர் புத்தகத்தை மூடுவது அங்கேதான். அந்த ஒன்றைத் தாண்டிப் போய், கடைசியில் திரும்பி வந்து படித்தால் ஒரு குறையும் இல்லை. ஃபாக்னரில் 'ஆஸ் ஐ லே டையிங்' எடுங்கள். பதினைந்து பேர் மாறி மாறிச் சொல்லும் 59 பகுதி என்றாலும், ஒவ்வொன்றின் தலையிலும் சொல்பவர் பெயர் இருக்கும், வழி தவறாது. புரூஸ்டை முதல் வருஷத்தில் தொடவே வேண்டாம். அவர் நாவலின் ஏழு பாகத்தில் முதல் பாகத்தைக் கடன் வாங்கிய ரோரியின் அம்மா லொரலாயே தொடக்கத்தில் திணறுவதாகத்தான் தொடரில் காட்டுகிறார்கள்.

டால்ஸ்டாயின் 'போரும் வாழ்வும்' பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தச் சவாலில் இறங்குகிற எல்லோரும் அதைத்தான் முதலில் எடுக்கிறார்கள். மூலத்தில் 361 அத்தியாயம். பெரும்பாலானவை சின்னது. நாளுக்கு ஒன்று என்று ஜனவரியில் தொடங்கினால் வருஷத்துக்குள் முடிந்துவிடும், கூடவே வேறு புத்தகமும் ஓடும். சிக்கல் நீளத்தில் இல்லை, பெயரில் இருக்கிறது. ஒரே ஆளை வீட்டில் நத்தாஷா என்பார்கள், மரியாதைக்கு நடாலியா இல்யினிச்னா என்பார்கள், சபையில் ரஸ்தோவா என்பார்கள். மூன்று பேர் என்று நினைத்துப் படித்தால் நூறாவது பக்கத்தில் தலை சுற்றும். கல்யாணப் பத்திரிகை அட்டையில் ஒரு துண்டு வெட்டி, பெசுகோவ், பல்கோன்ஸ்கி, ரஸ்தோவ், குராகின், துருபெத்ஸ்கோய் என்று ஐந்து குடும்பத்தையும் தலைப்பாக எழுதி, ஆள் வர வர அதன்கீழ் மூன்று பெயரையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த அட்டையே பக்க அடையாளம். முதல் பாகம் முடிவதற்குள் பாதிப் பேரைப் பார்க்காமலே தெரியும்.

ரஷ்யர்களைத் தமிழில் படிப்பதுதான் சரி என்பேன். டி.எஸ். சொக்கலிங்கத்தின் 'போரும் வாழ்வும்', நா. தர்மராஜனின் 'அன்னா கரீனினா', எம்.ஏ. சுசீலாவின் 'குற்றமும் தண்டனையும்' எல்லாம் இருக்கும்போது, யாரோ ஒருவரின் ஆங்கில மொழிபெயர்ப்பில் போய் முட்டிக்கொள்ள என்ன அவசியம்? பட்டியலில் இருக்கும் அருந்ததி ராயின் நாவல்கூட ஜி. குப்புசாமி மொழிபெயர்ப்பில் 'சின்ன விஷயங்களின் கடவுள்' என்று கிடைக்கிறது. மார்க் ட்வெய்னை மட்டும் ஆங்கிலத்திலேயே படியுங்கள், அந்தப் பேச்சு வழக்கில்தான் பாதி சுவை. ஒரு எச்சரிக்கை: தலைப்புப் பக்கத்தைப் புரட்டி 'சுருக்கம்' என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். 200 பக்கத்தில் ஒரு அன்னா கரீனினா கிடைத்தால் அதில் முக்கால்வாசி ஆட்கள் காணாமல் போயிருப்பார்கள்.

பதினைந்தில் பாதியாவது தமிழ் எழுத்தாளர்கள் இருக்க வேண்டும் என்பதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை. ரோரி அவள் நாட்டு எழுத்தைத்தான் அதிகம் படிக்கிறாள். ஃபாக்னரின் அமெரிக்கத் தெற்கத்திய மாவட்டத்தை மனப்பாடமாகத் தெரிந்துவைத்துக்கொண்டு, ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' பெயரையே கேள்விப்படாமல் இருப்பது கொங்குப் பக்கத்துப் பிள்ளைக்கு அழகில்லை. 1942-ல் வந்த ஒல்லியான நாவல், இரண்டு உட்காரலில் முடியும். பெருமாள்முருகன் எழுதும் நாமக்கல், திருச்செங்கோடு வட்டாரம் 1997 வரை சேலம் மாவட்டம்தான். மலைத்தோட்ட வாழ்க்கை வேண்டுமென்றால், வால்பாறைத் தேயிலைக் கூலிகளைப் பற்றி பி.எச். டேனியல் எழுதியதை இரா. முருகவேள் 'எரியும் பனிக்காடு' என்று தமிழில் தந்திருக்கிறார். ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் உட்கார்ந்து அதைப் படித்தால் கையில் இருக்கும் காப்பி கொஞ்சம் கசக்கத்தான் செய்யும்.

தொடரில் ஒரு காட்சி. ரோரியின் பை ஏன் இப்படிக் கனக்கிறது என்று அம்மா கேட்பாள். இது பஸ் புத்தகம், இது சாப்பாட்டு நேரப் புத்தகம் என்று ஒவ்வொன்றாகச் சொல்வாள் ரோரி. இந்தச் சவாலில் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டிய ஒரே பழக்கம் இதுதான். ஜங்ஷனிலிருந்து பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற டவுன் பஸ்ஸில் டால்ஸ்டாய் ஓடாது. ஸ்டாப்புக்கு ஸ்டாப் கவனம் அறுந்துவிடும். அங்கே சிறுகதை. புதுமைப்பித்தன் கதைகள் நாட்டுடைமை ஆனவை, மதுரைத் திட்டம் என்ற இணைய நூலகத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன, போனில் இறக்கி வைத்துக்கொள்ளலாம். ஏற்காடு பஸ் என்றால் அடிவாரம்வரைதான் படிப்பு. அதன்பின் 20 கொண்டை ஊசி வளைவு. கண் பக்கத்தில் நிலைத்து நிற்க, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு 'திரும்புகிறோம், திரும்புகிறோம்' என்று சொல்லிக்கொண்டிருக்கும். இரண்டும் ஒத்துப்போகாமல் மூன்றாவது வளைவிலேயே குமட்டும். போனில் படித்தாலும் அதே கதைதான். புத்தகத்தை மூடிவிட்டு ஜன்னல் வழியே தூரத்தைப் பாருங்கள், ஒலிநூல் இருந்தால் கேளுங்கள்.

எல்லாவற்றையும் வாங்காதீர்கள். 1948-லேயே பொது நூலகச் சட்டம் போட்ட மாநிலம் நம்முடையது. நாம் கட்டும் சொத்துவரியோடு நூலக வரியும் போகிறது. காசைக் கட்டிவிட்டு நூலகத்துப் படியே ஏறாமல் இருப்பது நமக்குத்தான் நஷ்டம். கிளை நூலகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, அதை மறந்து போய்த் திரும்பி வராதீர்கள். தவணை சுமார் இரண்டு வாரம். 1,300 பக்கத்தை அதற்குள் முடிக்க நாளுக்கு 93 பக்கம் படிக்க வேண்டும், நடக்காது. ஆகவே ஒல்லியானதை நூலகத்தில் எடுங்கள், குண்டானதை வாங்குங்கள். நூலகப் புத்தகத்தின் முதுகில், நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் வகுத்த 'கோலன் பகுப்பு' முறை எண் இருந்தால் தேடல் சுலபம்: இலக்கியத்துக்கு 'O' என்ற ஆங்கில எழுத்து, தமிழுக்கு 31, காற்புள்ளி போட்டு 1 என்றால் கவிதை, 2 நாடகம், 3 புனைகதை.

வாங்கியதைக் காப்பாற்றுவது மலைக்கு மேலே ஒரு பாடு, கீழே ஒரு பாடு. ஏற்காட்டில் மழை பிடித்துவிட்டால் வெளிச்சுவரை ஒட்டி அடுக்கிய புத்தகத்தில் பூஞ்சை ஏறிவிடும். சுவருக்கும் புத்தகத்துக்கும் இரண்டு விரல் இடைவெளி விடுங்கள். பாலித்தீன் கவரில் கட்டி வைப்பது ஈரத்தை உள்ளேயே பூட்டி வைப்பது. பூஞ்சை வந்துவிட்டால் வீட்டுக்கு வெளியே கொண்டுபோய், மூக்கை மூடிக்கொண்டு, காய்ந்த பிரஷ்ஷால் தட்டி, நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் வைத்தால் அட்டை வளையும். சேலத்தில் பிரச்சினை தலைகீழ். ஏப்ரல் மாதம் வண்டி டிக்கிக்குள் புத்தகத்தைப் போட்டு மதியம் முழுக்க நிறுத்தினால் முதுகுப் பசை இளகி, பக்கம் கொத்தாகக் கழன்று வரும்.

குண்டுப் புத்தகத்துக்குச் சேலம் புத்தகக் கண்காட்சிதான் சரியான இடம். பத்து சதவீதக் கழிவு என்பது 1,000 ரூபாய்ப் புத்தகத்தில் கண்ணுக்குத் தெரிகிற தொகை. பில் போடுவதற்கு முன்னால் அங்கேயே நின்று பக்க எண்ணைச் சரசரவென்று ஓட்டிப் பாருங்கள். அச்சகத்தில் 16 பக்கம் ஒரு பாரம். தைக்கும்போது ஒரு பாரம் விட்டுப்போனால் 160-க்கு அடுத்து 177 வரும், சில சமயம் ஒரே பாரம் இரண்டு தடவை இருக்கும். ஸ்டாலிலேயே காட்டினால் உடனே வேறு பிரதி தருவார்கள். 160-ஆம் பக்கத்துக்கு நீங்கள் படித்து வரும்போது கண்காட்சி முடிந்து ஸ்டாலைக் காலி செய்திருப்பார்கள்.