நஞ்சுக்கொடித் துண்டை நாக்கடியில் வைத்தால் பிரசவ ரத்தம் நிற்காது

‘பிரசவத்துக்குப் பின் ரத்தம் அதிகமாகப் போனால் நஞ்சில் (நஞ்சுக்கொடி, பிளசென்டா) ஒரு துண்டை நாக்கடியில் வைத்தால் போதும், ஆஸ்பத்திரி வேண்டாம்’ என்பது தவறு; ஆதாரமே கிடையாது. நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்குச் சுமார் 500 மி.லி. ரத்தம் பாய்கிறது. கருப்பை இறுகினால்தான் நஞ்சு பிரிந்த இடத்து ரத்தக்குழாய்கள் நெரிபட்டு மூடும். அதற்கான மருந்து 10 யூனிட் ஆக்ஸிடோசின் ஊசி. போடத் தெரிந்தவர் கூடவே இருக்க வேண்டும். மருத்துவ உதவியின்றித் தனியாகப் பிள்ளை பெறுவதில் இருக்கும் பெரிய ஓட்டையே இதுதான்.

போன ரத்தத்தின் அளவில் கண்மதிப்பு ஏமாற்றும், பெரும்பாலும் குறைத்தே காட்டும். ரத்தம் உறிஞ்சும் பேடை (pad) காய்ந்திருக்கும்போதே எடைபோட்டுக் குறித்துவையுங்கள். நனைந்தபின் கூடும் ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய 1 மி.லி. ஆனால் 500 மி.லி. ஆகட்டும் என்று காத்திருக்காதீர்கள்: நிற்காமல் வழிந்தாலோ, தலை சுற்றினாலோ உடனே ஆம்புலன்ஸ். வரும்வரை தாயைப் படுக்கவைத்து, சிறுநீர்ப்பையைக் காலியாக்கி, தொப்புள் மட்டத்தில் கருப்பை பந்துபோல் கெட்டியாகும்வரை தேய்த்துவிடுங்கள். தொப்புள்கொடியை மட்டும் இழுக்காதீர்கள். கருப்பையே உள்புறம் வெளியாகப் புரண்டுவிடலாம்.