எங்கள் தெருவில் யாருக்கும் காய்ச்சல் இல்லையாம்!

நேற்று சுற்றிய அந்த வீடியோவைப் பார்த்திருப்பீர்கள். எங்கள் தெருதான். கொரோனாவுக்காகக் காய்ச்சல் கணக்கெடுக்க வந்த மாநகராட்சிப் பெண்ணை கேட்டுக்கு வெளியே நிறுத்தி, "இங்க யாருக்கும் ஒண்ணுமில்ல, கிளம்பு" என்று விரட்டுகிறார்களே, அதேதான். அந்த வீட்டு இருமல் எங்கள் மாடிவரை கேட்கிறது. ஆனால் காய்ச்சல் இல்லையாம். சரி.

டெஸ்ட் எடுக்காவிட்டால் கணக்கில் வராது, அவ்வளவுதான். நோய் வீட்டுக்குள்ளேதான் இருக்கும். வெள்ளிக்கிழமை (2021 மே 21) மட்டும் தமிழ்நாட்டில் 36,184 பேருக்குத் தொற்று. சோதித்தவர்களில் நூற்றுக்கு இருபது பேர் அளவுக்குப் பாசிட்டிவ். இது ஐந்துக்குள் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் போன வருடமே சொன்னது. இருபது என்றால், பிடிபடாமல் சுற்றுபவர்கள் எத்தனை பேர்?

"ஊரடங்குக்கு முன்னால் சனி, ஞாயிறு கடைகளைத் திறந்துவிட்டு அரசே கூட்டம் சேர்க்கவில்லையா?" என்பீர்கள். சேர்த்தது. அந்தப் பெண்ணா கடையைத் திறந்தார்? "டெஸ்ட் தப்பாகக் காட்டும்." சில நேரம் தவறவிடும்தான். அதற்காக மாஸ்க்கைத் தாடையில் மாட்டிக்கொண்டு, இருமிக்கொண்டே கறிக்கடை வரிசையில் நிற்பதா? "தினக்கூலிக்காரன் பதினாலு நாள் எப்படி வீட்டில் உட்காருவான்?" நியாயமான கேள்வி, என்னிடம் பதில் இல்லை. ஆனால் விரட்டியவர்கள் வீட்டு வாசலில் இரண்டு கார் நிற்கிறது.

போன ஜூனில் அப்பாவுக்குக் காய்ச்சல் வந்ததும் நாங்களாகவே போய் டெஸ்ட் எடுத்தோம். பாசிட்டிவ். வாசலில் தகரம் அடித்தார்கள், ஸ்டிக்கர் ஒட்டினார்கள். அதுகூடப் பரவாயில்லை. பால் பாக்கெட்டை எடுத்துவைக்க ஆளில்லை. வேலைக்கு வரும் அக்காவிடம், "அந்த வீட்டுக்குப் போனா இங்க வராதே" என்றார்கள். குணமாகி வந்த பிறகும், மாடியில் அப்பாவின் வேட்டி காய்ந்த கொடியில் வேறு யாரும் துணி போடவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் ஒரு ஓரமாகத் தனிக்கொடி கட்டிக்கொண்டார். ஒளிக்காமல் சொன்னதற்கு எங்களுக்குக் கிடைத்த மரியாதை!

இப்போது அதே ஆட்கள் மறைக்கிறார்கள். ஏன் என்று எனக்குத் தெரியாதா? தகரத்துக்கு அந்தப் பக்கம் நின்று வேடிக்கை பார்த்தவர்கள். சொன்னால் என்ன நடக்கும் என்று அவர்களைவிட யாருக்குத் தெரியும்?

பாரசிட்டமால் போட்டுச் சமாளியுங்கள். மூச்சு வாங்கும்போது அரசின் உதவி எண் 104-க்குப் போன் போட்டு ஆஸ்பத்திரியில் படுக்கை கேட்பீர்கள். டெஸ்ட் ரிப்போர்ட் எங்கே என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்?

கீழே கமெண்டில் வந்து "பயமுறுத்தாதீங்க சார்" என்று எழுதப் போகிறவர்கள், டெஸ்ட் எடுத்துவிட்டு வந்து எழுதுங்கள்.