மாதிரியின் அளவு பற்றி ஒரு திருத்தம்

பல கோடி வாடிக்கையாளர்கள் இருக்கும்போது வெறும் 1,000 பேரைக் கேட்டு, எத்தனை சதவீதத்தினர் யுபிஐ வழியே பணம் செலுத்துகிறார்கள் என்று சொல்ல முடியாது, பத்தில் ஒரு பங்கினரையாவது கேட்டிருக்க வேண்டும் என்ற கருத்து பலராலும் பகிரப்படுகிறது.

இந்தத் தயக்கம் இயல்பானதுதான். ஆனால் கணக்கு அப்படி இல்லை. அனைவருக்கும் சமவாய்ப்பு அளித்துக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த மாதிரியில், பிழை வரம்பை (விடை உண்மை அளவிலிருந்து எவ்வளவு விலகக்கூடும் என்பதை) பெரும்பாலும் தீர்மானிப்பது கேட்கப்பட்டவர்களின் எண்ணிக்கையே தவிர, மொத்தத்தில் அவர்கள் எத்தனை சதவீதம் என்பது அன்று. 1,000 பேருக்கு அது, 95 சதவீத நம்பக அளவில் (அதாவது நூறில் சுமார் 95 முறை விலகல் இதற்குள் அடங்கும் என்ற கணக்கில்), ஏறத்தாழ 3 சதவீதப் புள்ளிகள். மொத்தம் ஒரு லட்சமானாலும் பத்துக் கோடியானாலும் இதில் குறிப்பிடத்தக்க மாற்றம் இராது.

இதை எவரும் எக்செல்லில் சரிபார்க்கலாம். ஒரு லட்சம் வரிசைகளில் 40,000-இல் 1 என்றும் மற்றவற்றில் 0 என்றும் இட்டு, பக்கத்துப் பத்தியில் ரேண்ட் (RAND) சார்பு தரும் தற்செயல் எண்களை நிரப்பி, அவற்றின்படி வரிசைப்படுத்தி, முதல் 1,000 வரிசைகளின் சராசரியைப் பாருங்கள். திரும்பத் திரும்பச் செய்தால், இருபதில் சுமார் பத்தொன்பது முறை விடை 37 சதவீதத்துக்கும் 43 சதவீதத்துக்கும் இடையில் அமையும். பத்து லட்சம் வரிசைகளிலும் (எக்செல் அதற்கு இடம் தரும், சற்றுத் திணறினாலும்) அதே வீச்சுதான் கிடைக்கும்.

தேர்ந்தெடுத்த முறையைக் கேள்வி கேட்பது வேறு. அது முற்றிலும் நியாயமானது. 1936 அமெரிக்க அதிபர் தேர்தலில் லிட்டரரி டைஜஸ்ட் இதழ் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட விடைச்சீட்டுகளைப் பெற்றும், தேர்ந்தெடுத்த முறை சரியில்லாததால், ரூஸ்வெல்ட் தோற்பார் என்றே தவறாகக் கணித்தது.